நண்டுக்கு ஒரு நற்சான்றிதழ்

"எல்லாம் நோர்மல்" என்று றிப்போட்டை நீட்டியதும் கனிசியஸ் அண்ணையின் முகம் பரீட்சையில் பெயில் விட்டவர் முகம்போலச் சுருங்கிவிட்டது.

"வடிவாப் பாத்தியே தம்பி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் இரண்டு வருடமாகப்போகிறது. இரத்தப் பரிசோதனைக் கூடத்து நுணுக்குக்காட்டியை யன்னலடியில் வைத்து, கண்ணாடியால் வெயிலைப் பிடித்து, முகில் மறைக்கும்போதெல்லாம் காத்திருந்து அவருடைய இரத்தத்தில், ஒவ்வாமையோ பூச்சியோ இருந்தால் கூடுகிற ஈசினோபில் அணுக்களை எண்ணியவன் நான். கூடவில்லை. மலத்தில் பூச்சி முட்டை இல்லை. ஈ.எஸ்.ஆரும் அளவோடுதான். ஆனால் கார்த்திகை தொடக்கம் அவருக்கு உடம்பெல்லாம் காணாக்கடி. தடித்துச் சிவக்கும், சொறிய வைக்கும், இரண்டு மணித்தியாலத்தில் தடயமில்லாமல் மறைந்துவிடும். மனைவி சிசிலியா அக்கா பழியை நண்டின்மேல் போட்டிருந்தார். குருநகரில் நண்டுவலை போடுகிற மனிதனுக்கு மூன்று மாதமாகப் பருப்பும் சோறும். பிறகும் கடிக்கிறதே என்றால், "முந்தித் திண்ட நண்டு இன்னும் உடம்பிலை கிடக்குது" என்பாராம். அவர் பிடித்த நண்டை அவருக்கு முன்னாலேயே வீட்டார் உடைத்து உறிஞ்சினார்கள். எனக்கே மனம் பொறுக்கவில்லை. றிப்போட்டில் பூச்சி கீச்சி என்று ஏதாவது வந்தால் நண்டு தப்பும் என்று நம்பியிருந்தார் அண்ணை.

பக்கத்து அறை டொக்டர் இளையதம்பி றிப்போட்டைப் பார்த்துவிட்டு, "எப்ப கடிக்கிறது?" என்று கேட்டார்.

"விடியக் கடலிலை ஐயா. காத்துப் பட்டவுடனை."

"அப்ப குளிராயும் இருக்கலாம். கையிலை ஐஸ் வைச்சுப் பாக்கவேணும். ஒரு துண்டு கொண்டுவாரும்."

கரண்ட் இல்லாத ஊரில் ஐஸ்! அதற்கு ஈசினோபில் எண்ணுவதே சுகம்.

மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணை சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். ஜெனரேட்டர் ஓட்டுகிற கூல்பார்க்காரர் ஒருவருக்கு நாலு நண்டு கொடுத்து, ஐந்து துண்டு ஐஸ் வாங்கி, சுடுதண்ணிப் பிளாஸ்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். திறந்து பார்த்தால் ஒன்றுதான் மிச்சம். சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கக் கொடுக்க வந்திருந்த அருளம்பலம் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் கண்டு எவ்வளவு காலம்! ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டே?"

"தொட்டா உருகிப்போம் மாஸ்டர், தள்ளி நில்லுங்கோ!"

துண்டைப் பொலித்தீனில் சுற்றி அண்ணையின் முன்கையில் ஐந்து நிமிடம் வைத்துப் பிடித்தேன். எடுத்தபின் பத்து நிமிடம் பார்க்கவேண்டும். மூன்று மாதமாகக் கடி மாறவேண்டும் என்று நேர்த்தி வைத்தவர், இப்போது கண்ணை மூடி, "அந்தோனியாரே, கடிக்கப் பண்ணும்" என்று முணுமுணுத்தார். வாசலில் சைக்கிள் கைபிடியில் தொங்கிய பனையோலை உமலுக்குள் மிச்ச நண்டுகள் பிறாண்டிக்கொண்டிருந்தன.

ஏழாம் நிமிடம் தோல் சிவந்தது. பிறகு ஐஸ் இருந்த அளவுக்கே சதுரமாகத் தடித்தெழும்பியது.

"நண்டிலை பிழையில்லை!" அண்ணை கத்தினார். கண் கலங்கிவிட்டது. என்னையும் மாஸ்டரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தார்.

டொக்டர் வந்து தடவிப் பார்த்தார். "ஓம், குளிர்தான். நண்டு தாராளமாச் சாப்பிடும். ஆனா இனி விடியக் கடலுக்குப் போகப்படாது. தண்ணியிலை விழுந்தீரெண்டால் மயங்கிப்போவீர்."

அண்ணை கையிலிருந்த தடிப்பைப் பார்த்தார். வாசலில் நண்டொன்று உமலின் விளிம்பில் கால் போட்டு ஏறிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"அப்ப ஐயா, நண்டை ஆர் பிடிக்கிறது?"

நண்டு நிலத்தில் விழுந்து, பக்கவாட்டில், கடற்கரைப் பக்கமாக நடக்கத் தொடங்கியது. அண்ணை கையைச் சொறிந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.