ஒரு தட்டு தட்டினால் போதும்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. கதைக்காக மட்டும் என்னை 'அவன்' என்று வைத்துக்கொள்கிறேன்.

அவன், இருந்த இடத்திலிருந்தே அடுத்தவர் கணினிக்குள் நுழைந்து பழுது பார்ப்பவன். (முதல் வரைவில் 'திறமைசாலி' என்றும் இருந்தது. அடித்துவிட்டேன்.) கிளை மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் தேதி குறித்துக் கொடுக்கும் பதிவு அக்காவின் கணினியில் அன்று காலை எதையோ சரிசெய்தான். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே தன் கணினியின் வேறு விண்டோவுக்குத் தாவினான். விரலை எடுத்தது அவன் கணினிக்குத் தெரியும். அக்காவின் கணினிக்குத் தெரியாது. அங்கே விசை அழுந்தியபடியே இருந்தது.

அக்கா ஒரு நோயாளியின் பெயரை அடித்தார். கணினியோ ஒவ்வொரு எழுத்தையும் கன்ட்ரோலோடு சேர்த்துக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. மூன்று மாத அறுவை சிகிச்சைப் பட்டியல் மொத்தமாகத் தேர்வாகி, அழிந்து, அப்படியே சேமிப்பும் ஆகிவிட்டது.*

* நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். அதுவும் அவன் வேலைதான்.

2

இதைச் சரிசெய்வது சுலபம். அக்காவின் கணினி தெரியும் விண்டோவுக்குள் திரும்பப் போய்க் கன்ட்ரோலை ஒரு தட்டு தட்டினால் போதும், விடுபட்டுவிடும். அவன் தட்டினான். (சரி, 'அவன்' எல்லாம் வேண்டாம்.) நான் தட்டினேன். மேலாளர் வந்து சோதித்தபோது விசைகள் எல்லாம் சமர்த்தாக வேலை செய்தன. அக்காவிடம் இருந்த ஒரே சாட்சியையும் நான் சரிசெய்துவிட்டேன். அறிக்கையில் 'பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதினேன்.

அக்கா போன் செய்தார்.

"தம்பி, நான் வெறும் பேரைத்தான் அடிச்சேன். உங்களுக்குத் தெரியும்ல?"

"அறிக்கையில இருக்கிறதுதான்க்கா."

சரி தம்பி என்று வைத்துவிட்டார்.

நமக்கெதுக்கு வம்பு என்று என் மனைவி தடுத்ததாக இங்கே ஒரு பத்தி இருந்தது. நீக்கிவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவளிடம் நான் இதுவரை வாயே திறக்கவில்லை.

3

முடிவுகள். ஒன்றில் நான் உண்மையைச் சொல்லி அக்காவின் வேலையைக் காப்பாற்றுகிறேன். இன்னொன்றில் அக்காவுக்கு வேறு நல்ல வேலை கிடைத்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டையும் எழுதி முடித்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அதனாலேயே இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடமே

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. என் தப்பை அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்குக் கைவந்த கலை.)

அக்காவை வேலையைவிட்டு நீக்குவதா என்ற விசாரணை இன்று காலை பத்து மணிக்கு. இந்தப் பகுதியைத் தொடங்கும்போது ஒன்பதரை. இப்போது பத்தே கால். நான் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.