பிணம் எப்படி கட் சொல்லும்?

சங்கரன்கோவில் வெயிலில் ஒதுங்கவே நிழலைத் தேட வேண்டும். வெங்கடேஷ் நிழலை வைத்தே படம் எடுக்கக் கிளம்பினான். ஃபிலிம் நுவாராம். கறுப்பு வெள்ளை, முகத்தில் ஜன்னல் கம்பியின் கோடுகள், பேராசையில் மாட்டிக்கொள்கிற ஆண், அவனைக் கவிழ்க்கிற அழகி, யாருக்கும் விடியாத கதை. எடுப்பது குறும்படம், அலட்டல் மட்டும் பெரும்படத்துக்கு. எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவனே. கேமரா என் போன். அதனால் ஒளிப்பதிவு இசக்கிசெல்வியாகிய நான்.

கடைசி ஷாட் மட்டும் பாக்கி. அழகியாக நடித்த பாஜிலா மறுநாள் காலை வேலைக்காகக் கோயம்புத்தூர் போகிறாள். இன்று விட்டால் படமே இல்லை. கனகலட்சுமி அக்காவின் பழைய தறிக்கூடத்தில் காலையிலிருந்து எடுத்தும் பாஜிலாவின் முகத்தில் ஒன்றும் வரவில்லை.

"நான் எதுக்கு அவனச் சுடுதேன்? அதச் சொல்லு மொதல்ல."

"இந்த மாதிரிப் படத்துல பொம்பள அப்படித்தாம்ட்டி. நீ சும்மா மொறச்சுப் பாரு," என்றான் வெங்கடேஷ்.

எனக்கே எரிச்சல் வந்தது.

பொழுது சாயும்போது மறுபடி ஆரம்பித்தோம். வெங்கடேஷ் சட்டையில் கருப்பட்டிப் பாகை ஊற்றிக்கொண்டு தரையில் பிணமாகக் கிடந்தான். கறுப்பு வெள்ளையில் அது ரத்தம். பாஜிலா பொம்மைத் துப்பாக்கியோடு நின்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு கனகலட்சுமி அக்கா வந்தாள், கையில் காமாட்சி விளக்கு. "வெளக்கு வைக்கிற நேரத்துல எடத்த இருட்டாப் போட்டு என்ன பண்ணுதீய?"

போச்சு, என்று நினைத்தேன். ஆனால் விளக்கு வெளிச்சம் கீழேயிருந்து பாஜிலாவின் முகத்தில் ஏறியதும் அவள் நிழல் சுவர் முழுக்க எழுந்து கூரையைத் தொட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கட் சொல்ல வேண்டியவனோ பிணம். எறும்பு கடித்தும் அசையாமல் கிடந்தான். நான் நிறுத்தவில்லை.

அக்கா டிவி சீரியல் வில்லிகளையே மண்ணள்ளித் தூற்றுகிறவள். பாஜிலாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்பி வந்தவனக் கொன்னுட்டியே, பாவி! அப்படி என்னட்டி செஞ்சான் உன்ன?"

பாஜிலா கீழே கிடந்தவனைப் பார்த்தாள். காலையிலிருந்து வராத முகம் வந்தது.

"இத்தன நாளும் எம் பின்னாலயே திரிஞ்சான்க்கா. ஒரு தடவகூட எம் பேரு என்னன்னு கேக்கல."

உண்மைதான். வெங்கடேஷ் எழுதிய கதையில் அவளுக்குப் பெயரே கிடையாது, அழகி, அவ்வளவுதான். சந்தோஷத்தில் போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

பிணம் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. அதையும் எடுத்தேன்.