மங்கம்மாவின் உள்ளங்கை

என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும். முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களும் துப்புங்கள்.

மங்கம்மா என் பெண்டாட்டி. காசிமேட்டில் மீன் விற்கிறவள். குடலில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவிவிட்டது. டாக்டரம்மா இரண்டு வழியில் மருந்து கொடுத்தார். வயிற்றுத் தோலுக்கடியில் வைத்த சின்ன பம்பிலிருந்து நேராக ஈரலுக்கு ஒன்று. கை நரம்பில் ஏற்றி உடம்பு முழுக்க இன்னொன்று. வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நர்ஸ் ரோஸ்மேரி என்னிடம்தான் சொன்னாள். போட் ஓட்டுகிறவனுக்கே பாடமா என்று பாதியில் டீ குடிக்கப் போய்விட்டேன். பம்பு ஒன்றுதான் மண்டையில் நின்றது.

"மருந்து ஈரலுக்குத்தாமே போவுது. கை காலுக்கு ஒண்ணியும் ஆவாது," என்று வீட்டில் அளந்துவிட்டேன்.

மருந்து ஏற்றிய மூன்றாம் நாள் ஐஸ் போட்ட மீன் பெட்டிக்குள் கைவிட்டவள் அலறிக்கொண்டு வஞ்சிரத்தைக் கீழே போட்டாள்.

"கையில கரண்டு அடிக்குதுய்யா!"

ஏலம் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போய்விட்டதாம்.

"இன்னாமே சீன் காட்டிகினு கீற? முப்பது வருசமா தொட்ட ஐஸுதானே!"

ஒரு ஐஸ் கட்டியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தேன். துடித்தாள். விடவில்லை நான், பாவி.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா கேட்டார்: "ஐஸ் மாதிரி எதையாவது தொட்டப்போ கை வலிச்சுதா, தானாவே வலிச்சுதா?"

"தானாதாம்மா," என்றேன். பொய் தயாராக வந்தது.

"அப்போ நரம்பு கெட ஆரம்பிச்சிருக்கு. கையில ஏத்துற மருந்தை நிறுத்தணும். மத்த இடத்துக்குப் பரவாம காக்கிறதே அதுதான், என்ன பண்றது? நீங்க சொல்லுங்கம்மா, தானாதான் வந்துச்சா?"

மங்கம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஆமாம்மா. அவுரு சொல்றது நெசந்தான்."

டாக்டரம்மா சீட்டிலிருந்த மருந்தின் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"அடிக்காதீங்கம்மா! நாந்தான் ஐஸை அவ கையில வெச்சி அமுக்கினேன். ரெண்டே நாள்ல சரியாப் பூட்ச்சி."

ஐஸ் படக் கூடாது என்று அன்றைக்கே சொல்ல வந்த ரோஸ்மேரி என்னைப் பார்த்த பார்வையில் தரையோடு தரையாகிவிட்டேன். டாக்டரம்மா மங்கம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளிர்ச்சி பட்டால் மட்டும் வலித்துப் போவது கையில் ஏற்றும் மருந்தின் குணம், அதற்காக மருந்து நிற்காது என்றார்.

வெளியே வந்ததும் மங்கம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்யா சொன்னே? அத்தினி பேரு எதிர்ல உனக்குத்தானே அசிங்கமாப் பூட்ச்சி."