பிரஷர் இறங்கிய நாள்

"சாமி, எறங்கிருச்சுடா! தொண்ணூறு! நர்சுப் புள்ள இப்பத்தான் பாத்துச் சொல்லுச்சு. நீ அங்கியே எறங்கிக்க. பாதிக் குழிய உட்டுப்போட்டு எதுக்கு வாரே?"

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் மயிலம்மாள் போன் பேசினால் கீழே மருந்துக்கடைக்காரருக்கும் கேட்கும். மகன் அன்பழகன் போர்வெல் வண்டியோடு நாக்பூர்ப் பக்கம் காட்டுக்குள் இருந்தவன். அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் ரயிலேறி, மகாராஷ்டிர எல்லையில் பல்லார்ஷா ஸ்டேஷன் வரை வந்திருந்தான்.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"அந்தம்மா இன்னும் வல்ல. பிரஷரைப் பத்தி எனக்குத் தெரியாதா? இருவது வருசமா அதோடதான குடித்தனம் பண்றேன்."

அவன் இறங்கிவிட்டான்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. முட்டை லாரி ஓட்டிய அவள் புருஷன் காளியப்பனின் பிரஷர் தெருவுக்கே தெரியும். முட்டை விலையைப்போல அன்றன்றைக்கு அறிவித்துவிடுவாள். நூற்றி எண்பது என்றால் அன்று அவள் முகத்தில் முழிக்கக் கூடாது. நூற்றி நாற்பது என்றால் பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்குக் காபி கிடைக்கும்.

மூச்சுத் திணறி வந்த முதல் நாள் இருநூற்றிப் பத்து. சின்ன டாக்டரம்மா வயது, பிரஷர், கிட்னி உப்பு என்று எல்லாவற்றையும் போனில் தட்டிக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"ஹார்ட் வீக்காயிருச்சும்மா, நுரையீரல்ல தண்ணி. ஆனா பிரஷர் ஜாஸ்தியா இருக்கறது ஒரு வகைல நல்லது. தள்றதுக்கு இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம். இந்த மாதிரி வர்றவங்க நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேரு ஊடு போய்ச் சேந்துருவாங்க. ரொம்பக் கீழ எறங்குனாத்தான் பயம்."

இருநூற்றிப் பத்து நல்லதாம்! படிக்கிற காலத்தில் தூங்கியிருக்கும் போல என்று மயிலம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாளாக நாற்காலியில் உட்கார்ந்து அவள் கால் வீங்கியிருந்தது. நல்லம்மாளும் மூன்று நாளாக இரண்டு சாத்துக்குடியோடு வந்து அரை நாள் இருந்துவிட்டுப் போகிறாள். தொண்ணூறு என்ற செய்தி அவள் வழியாகப் பத்து நிமிடத்தில் தெருவை எட்டியது. பந்தல்காரர் நம்பரைத் தேடி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா வந்தது. சீட்டைப் பார்த்தது. காளியப்பனின் கையைத் தொட்டுப் பார்த்தது. சில்லென்றிருந்தது.

"பையன் எங்கம்மா வந்திருக்காரு?"

"வர வேண்டாம்னுட்டனுங்க. அதான் எறங்கிருச்சுங்களே."

அந்தப் பெண் அவர் கையைப் போர்வைக்குள் வைத்தது. "பிரஷர் மருந்த நேத்தே நிறுத்திட்டோம்மா. இது தானா எறங்குது. ஹார்ட்டு தள்ள மாட்டேங்குது. வரச் சொல்லுங்க."

மயிலம்மாள் போனை எடுத்தாள். இந்தியில் ஒரு பெண் என்னவோ சொன்னாள். ஒன்பது தடவையும் அதையே சொன்னாள். அன்பழகன் மறுபடி டவர் இல்லாத காட்டுக்குள் போய்விட்டிருந்தான்.

"நீதான அக்கா வேண்டாம்னு…" என்று ஆரம்பித்த நல்லம்மாள், அந்தத் தெருவில் யாரும் பார்த்தறியாதபடி, பாதியில் நிறுத்தினாள்.

சாயங்காலம் காளியப்பன் கண் திறந்தார்.

"பய எங்க வந்திருக்கான்?"

"விஜயவாடா தாண்டிட்டானுங்க."

"அப்ப விடியறப்ப சேலம்." ஓட்டுநர் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டார்.

விடிந்தது. உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"எறங்கிட்டானா?"

"எறங்கி பஸ்ஸும் ஏறிட்டானுங்க."

"மல்லசமுத்திரம் வழியாவா, சங்ககிரி வழியாவா?"

அவள் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "சங்ககிரிங்க."

"அங்க ரோட்டு வேல நடக்குது. நேரமாகும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மணி வரை காத்திருந்தார். எட்டேகாலுக்கு நர்சு வந்து மெஷினை அணைத்தது.

பத்து மணிக்கு அன்பழகனே கூப்பிட்டான். "அப்பனுக்கு எப்படிம்மா இருக்கு?"

மறுநாள் காலை, விமானத்தில் கோவை வந்து, காரில் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். ஐஸ் பெட்டிக்கு முன்னால் நின்றவன் கண்ணாடியில் கையை வைத்தான். அழுகை வரவில்லை. மயிலம்மாள் தலை நிமிரவில்லை.

அவளுடைய அண்ணன் தங்கசாமிக்கு எங்கே எதைக் கேட்பதென்று என்றைக்குமே தெரியாது. "ஏன் மாப்ள, ரயில்ல பாதி வழி வந்துட்டு எறங்கிட்டயாமா? யாரு எறங்கச் சொன்னாங்க?"

பந்தலில் பேச்சு நின்றது. நல்லம்மாள் காது இரண்டையும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

"ஓனரு கூப்புட்டாருங்க மாமா. கம்ப்ரசர் நின்னு போச்சுன்னாரு. நாந்தான் புத்தியில்லாம எறங்கிட்டேன்."

"அட கூறு கெட்டவனே. பெத்த அப்பன உடவாடா கம்ப்ரசரு பெருசு?"

"தப்புதானுங்க மாமா."

நடந்தது தெருவுக்கே தெரியும். நல்லம்மாளே நாலு வீட்டில் சொல்லியிருந்தாள். அவளும் தரையைப் பார்த்தாள்.

மொட்டையடிக்க நாசுவர் வெளியே கூப்பிட்டார். அன்பழகன் திரும்பினான். மயிலம்மாள் எழுந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், குழியிலிருந்து பறந்த கல்மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்தாள். அவளுக்கு எட்டுவதற்காக அவன் கொஞ்சம் குனிந்துகொடுத்தான்.