மகாராசன் பெயர் அப்பா

1

இப்போதெல்லாம் மாமல்லபுரத்துக்கு வருகிறவன் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறான். போனில் அவன் மூஞ்சி தெரிந்தால் போதும். பின்னால் இருப்பது பல்லவன் வெட்டியதா, பஞ்சாயத்து கட்டியதா என்ற கவலையில்லை. கேட்டால், "எல்லாம் நெட்ல கீது" என்கிறான்.

அப்படி நெட்டில் கிடந்ததை ஒருவன் எனக்கு வாசித்துக் காட்டினான். எழுதலாமே என்று இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அங்கேதான். பல்லவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாருக்கும் நிச்சயமில்லையாம். ஆரம்பத்து ராசா ஒருவன் காஞ்சியிலிருந்து கொடுத்த செப்பேட்டில், தனக்கு முன்பு ஆண்ட ராசாவை 'பப்பா' என்று குறிப்பிட்டிருக்கிறான். அது அந்த ராசாவின் பெயர் என்று சில படித்தவர்கள் சொல்கிறார்கள். பெயருமில்லை ஒன்றுமில்லை, பிராகிருதத்தில் 'அப்பா' என்று அர்த்தம் என்கிறார்கள் மற்றவர்கள்.

(பிராகிருதம் எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது.)

2

முதல் தொடக்கம்: 'மகாராசன் செத்த அன்று காஞ்சியில் மழை...'

வேண்டாம். கதையில் பெரிய மனுஷன் செத்தால் உடனே மழை வந்துவிடுகிறது.

இரண்டாவது: 'செப்பேடு வெட்டுகிறவன், "உங்கள் தகப்பனார் பெயர்?" என்று கேட்டான். மகன் வாயைத் திறந்து...'

திறந்து என்ன சொன்னான்? பெரியவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற மரியாதையா? கோபமா? ஊருக்கே தெரிந்த பெயரை எதற்கு வெட்டுவது என்ற நினைப்பா? இந்த மகன் எனக்குப் பிடிபடவில்லை. அவனை அப்படியே வாய் திறந்தபடி விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றத்தில் போன மாதம் நான் கண்ணால் பார்த்த ஆனந்தனைக் கொண்டுவருகிறேன்.

3

ஆனந்தனின் அப்பா பஸ் ஸ்டாண்டு ஓரம் நாஸ்தா கடை வைத்திருந்தார். வருகிறவனையெல்லாம் "வா நைனா" என்பார். ஊரும் அவரைத் திருப்பி நைனா என்றே கூப்பிட்டது. ஒருநாள் விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். கேளம்பாக்கத்தில் குடியிருக்கும் ஆனந்தன் ஓடிவந்தான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க, பெரியப்பா முறையான என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டான்லி கடைக்குப் போனான்.

"ஜெகதீசன்னு போடு."

ஸ்டான்லி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "யாருண்ணா ஜெகதீசன்?"

"எங்கப்பா."

"நைனாவா? பக்கத்துல நைனான்னு சின்னதா போட்டுக்கலாம்ணா. இல்லாங்காட்டி ஒருத்தனுக்கும் தெரியாது."

"போடாத."

நான் சும்மா இருக்கவில்லை. "டேய், பேனர் உனக்கா, ஊருக்கா?"

"ஊருக்கே அவரு நைனா, பெரிப்பா. வூட்ல நான் கூப்ட்டதும் அதான். அதையும் தூக்கி நடுரோட்ல கட்டிட்டா, எனக்குன்னு இன்னா கீது?"

படத்தையும் அவனே கொடுத்தான். அவர் கல்யாணத்தில் எடுத்தது. மண்டை நிறைய முடி. எனக்கே ஆள் தெரியவில்லை.

4

(செப்பேட்டையும் பேனரையும் முடிச்சுப் போட்டு ஏதோ பெரிய உண்மை சொல்லப்போகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால், சாய்ந்துகொள்ளுங்கள்.)

பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டியாகிவிட்டது. வெயில் உச்சிக்கு வந்தும் பந்தலில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருந்தன. ஆனந்தனின் அம்மா சந்திரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாத்த, ஜனத்தையே காணோமே. நைனா பூட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாயேன்."

"பேனர மாத்துன்னு உம்புள்ளைகிட்ட சொல்லேன்."

"அதுல கீற பேர நான் வாயால சொல்லக் கூடாதே. இன்னான்னு பேசுவேன்?"

ஆனந்தன் காதில் விழுந்துவிட்டது. "போவாத பெரிப்பா. ஜெகதீசன தெரிஞ்சவன் வந்தா போதும்."

"தூக்கறதுக்கு நாலு பேர் வேணும்டா."

அவன் நாற்காலிகளைப் பார்த்தான்.

5

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பேனரின் நிழலிலேயே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மோசஸ் என்னைப் பார்த்துவிட்டான்.

"பெருசு, நைனா இன்னாத்துக்கு கடைய மூடிக்கினாரு?"

முடிவு ஒன்று: சொல்கிறேன். ஊர் திரள்கிறது. ஆனந்தன் பாடைக்குத் தோள் கொடுக்க இடமில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து வருகிறான்.

முடிவு இரண்டு: "தெரியலப்பா" என்கிறேன். தூக்க ஆளில்லாமல் ஜெகதீசன் வேனில் போகிறார். பையன் மட்டும் கூட உட்கார்ந்து, ஒருத்தர் காதிலும் விழாமல், நைனா என்று கூப்பிட்டுக்கொண்டே...

எது நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. மோசஸ் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், சொல்கிறவர்கள் அவனிடம் சொல்லிக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் ஆள் நிலைப்பான் என்கிறார்கள். போடாமல் விட்டாலும் நிலைப்பான் என்று அந்தச் செப்பேட்டைக் காட்டுகிறார்கள். இரண்டையும் நான் நம்பவில்லை. கிளம்புகிறேன்.