வண்டிக்குள் கேட்ட சிரிப்பு

வெள்ளம் வடிந்த ஊரில் சத்தம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நாய் குரைக்கவில்லை, காக்கைகூடக் கரையவில்லை. சுவர்களில் ஆள் உயரத்துக்கு மேலே சேற்றுக்கோடு ஓடியது. ஒரு மாடி ஜன்னலில் நாற்காலியொன்று கால்களை வெளியே நீட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெரு வழியாக நிவாரணக் குழுவின் வேன் தூறலில் ஊர்ந்து போனது. முன்னால் இரண்டு பேர், ஓட்டுநரும் நர்ஸும். பின்னால் மூன்று பேர். அந்த மூவருக்கும் உயிர் இல்லை என்று காலையில் கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னவள் நர்ஸ்தான்.

ஓட்டுநருக்கு வாய் ஓயாது. பிணம் ஏற்றுகிற வண்டிக்கு இப்படியொரு ஆளா என்று குழுவில் பலர் முகம் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். "மன்னிச்சுக்கங்கம்மா, தலையில இடிச்சிரும், மெதுவா" என்று சொல்லிச் சொல்லித்தான் ஒவ்வொருவரையும் ஏற்றுவார். உடல் வைத்த பையின் ஜிப்பை நர்ஸ் மூடிய பிறகு மேலே ஒரு போர்வையையும் போர்த்திவிடுவார். போதாக்குறைக்கு இன்று பின்பக்க ஹீட்டரையும் போட்டிருந்தார்.

"அண்ணே, அதை அணைங்க. உடம்பெல்லாம் குளிர்ச்சியா இருக்கணும். அவங்களுக்கு என்ன, குளிரவா போகுது?"

"அவங்களுக்குக் குளிராது சிஸ்டர். நனைஞ்சு கிடக்கிறதைப் பாத்தா எனக்குக் குளிருதே."

நர்ஸுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வெள்ளம் வந்த நாளிலிருந்து அவள் வாய்தான் பிரார்த்தனை சொன்னது. மனம் அதோடு சேரவில்லை. பாலம் உடைந்து கிடந்ததால் குன்றைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நீண்ட வழி. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ஒரு விஷயம் கேளுங்க. நான் தினமும் சாமி கும்பிடுறப்ப, என் மாமியாருக்கு நீண்ட ஆயுசைக் கொடு கடவுளேன்னு வேண்டிக்குவேன். என் வீட்டுக்காரிக்கு ஒரே பூரிப்பு. எங்க அம்மா மேல உங்களுக்கு இம்புட்டுப் பாசமான்னு கேட்டா. அட நீ வேற, அவங்க எனக்கு முன்னாடி மேல போயிட்டா, நான் போய்ச் சேர்ற நேரத்துல வாசல்ல நின்னு, என்னைய உள்ள விடக் கூடாதுன்னு கடவுளையே மிரட்டிருவாங்களேன்னேன்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இளம்பெண்ணின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல் மூக்கு வழியே பீறிட்டு, பிறகு வாய்விட்டே வந்துவிடுமே, அந்தச் சிரிப்பு. ஒரே ஒரு தடவை.

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி சேற்றில் சறுக்கி நின்றது. கண்ணாடி மேல் துடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

"நீங்களா சிரிச்சீங்க?" ஓட்டுநர் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"நான் எங்கண்ணே... ரேடியோவா இருக்கும்."

"ரேடியோதான் தண்ணியில போயிருச்சே."

நர்ஸுக்குப் பயம் பிடித்தது. பேய் பயம் இல்லை அது. அதைவிடப் பெரிய பயம். காலையில் அவள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. மீட்ட உடல்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. கழுத்தில் கை வைத்து, 'முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போயிருந்தாள். குளிரில் விறைத்த உடம்பில் நாடி ஒளிந்துகொள்ளும், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று படித்தவள்தான். பொறுத்துப் பார்த்தாளா? பின்னால் யாராவது உயிரோடு இருந்தால், உயிருள்ள முகத்தின் மேல் ஜிப்பை இழுத்து மூடிய கை அவளுடையது.

"வண்டியை எடுங்கண்ணே. நமக்குத் தூக்கம் பத்தலை, அதான்."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். "சிஸ்டர், நான் கடவுளை நம்புறவன். செத்தவங்க சிரிப்பாங்கன்னு நம்புறவன் இல்ல. சிரிப்பு கேட்டுச்சுன்னா உள்ள உயிர் இருக்கு. வாங்க, பாத்துருவோம்."

"ஒண்ணும் இருக்காதுண்ணே."

"இல்லாட்டி மன்னிப்புக் கேட்டுட்டு மூடிரலாம். கோவிச்சுக்கவா போறாங்க?"

பின்கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. நர்ஸ் நேரே இளம்பெண்ணின் பையிடம் போனாள். பேருந்து நிறுத்தத்துக் கூரைக்கடியில் கிடைத்தவள், பெயர் தெரியாது. போர்வையை விலக்கி ஜிப்பை இறக்கினாள். தாடை இறுகியிருந்தது. கழுத்தும் கையும் கட்டையாக விறைத்திருந்தன. கண்மணியில் வெளிச்சம் பட்டும் அசைவில்லை. இந்த முறை வெகு நேரம் பார்த்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை. பாவி மனம் ஒரு கணம் நிம்மதியில் மூச்சுவிட்டது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே கூசியது.

உதட்டோரம் மட்டும், சிரித்து முடித்தவளுடையதைப் போல லேசாக மேலேறி இருந்தது. காலையில் அப்படி இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

"சிஸ்டர்." ஓட்டுநர் பக்கத்துப் பையின் போர்வையை விலக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க."

முகத்துக்கு நேரே, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கின் உட்புறத்தில், வெள்ளையாக மூச்சாவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி, மறுபடி படர்ந்தது.

இருவரும் ஜிப்பை இறக்கினார்கள். உள்ளே இருந்த கிழவரின் ஈரச் சட்டையைக் கிழித்தெறிந்தார்கள். இருந்த போர்வையெல்லாம் சுற்றினார்கள். மூன்றாவது பையையும் திறந்து பார்த்தார்கள்; அதில் உயிர் இல்லை. நர்ஸ் கிழவரைத் தன் உடம்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் நாடி எங்கோ கிணற்றடியில் தட்டுவதுபோல் விட்டு விட்டுத் துடித்தது. ஓட்டுநர் வண்டியை விரட்டினார். தான் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பது நர்ஸுக்கு மருத்துவக் கூடாரம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"நான்தான் டாக்டர் இவரை மூடினேன்," என்றாள் முதல் வேலையாக.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. "திறந்ததும் நீதானே? பிடி, அந்தக் காலைத் தூக்கு," என்றார்.

கிழவர் பிழைத்தார். தையல்காரர்; உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. பேச ஆரம்பித்ததும் நர்ஸ் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "வண்டியில நீங்க சிரிச்சீங்களா ஐயா?"

அவர் தொண்டையில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார். எந்தக் காலத்திலோ அறுவை செய்தது. வெறும் காற்றுதான் வார்த்தையாக வந்தது. "இதுல சிரிப்பு எங்கம்மா வரும்? யாரு சிரிச்சது?"

அவள் சொன்னாள். பக்கத்தில் கிடந்த பெண்ணைப் பற்றி, அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டியும் அவளைத் தேடி யாரும் வரவில்லை என்பதைப் பற்றி, நாளைக்கு அநாதையாக அடக்கம் செய்யப்போவதைப் பற்றி.

தையல்காரர் கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். "அநாதைன்னு ஏன் சொல்றீங்க? நான் இருக்கேனே," என்றார்.

அடக்கத்துக்குப் போக வேண்டாம் என்றார் டாக்டர். கிழவர் கேட்கவில்லை. மேட்டு நிலத்தில் புதிதாகத் தோண்டிய குழிகளுக்கு நடுவே, ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றே இல்லை. ஆனாலும் அந்த ஒரு குழியின் ஓரத்துப் புல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் எல்லாரும் இருந்தார்கள்.

"பலகையில என்ன எழுதட்டும்?" என்றான் குழி வெட்டுகிறவன்.

"என் மகள்னு எழுது."

பெண்ணை இறக்கினார்கள். வழியெல்லாம் பேசுகிற ஓட்டுநர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தையல்காரர் கைப்பிடி மண்ணை எடுத்தார். போடாமல் தயங்கி நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"பெத்தவன் மாதிரி நிக்கிறேன். பிள்ளையைப் பத்தி ஒண்ணுமே தெரியலையே. உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

நர்ஸ் யோசித்தாள்.

"சிரிப்பு வந்தா அவளால அடக்க முடியாதுய்யா."

எப்போதோ அறிந்திருந்ததைக் கேட்டவர்போல் தலையாட்டிவிட்டு, அவர் மண்ணை மெதுவாக, அவளுக்கு வலிக்காதபடி போட்டார்.