இருபத்துநாலு மணி நேரத் தண்ணீர்

அஸ்தம்பட்டியில் பெண்கள் விடுதி நடத்தும் மைதிலிக்கு, சேலத்தைப் புகழ்ந்து பேசுவதற்கென்று யாராவது சம்பளம் கொடுத்திருந்தால் இந்நேரம் இன்னொரு மாடி எழுப்பியிருப்பாள். மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்க்காரர் யாராவது கேட்டைத் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். இரும்பாலை, வெள்ளிக்கொலுசு, ஜவ்வரிசி, மாம்பழம் என்று தொடங்கி, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பேர்பெற்ற ஊர் என்று சரித்திரத்துக்குத் தாவி, ஏற்காட்டுக் காற்று ஜன்னல் வழியாகவே உள்ளே வரும் என்பதில் வந்து நிற்பாள். பாதி புளுகு. ஜன்னல் வழியாக வருவது ஏற்காடு ரோட்டு வண்டிப்புகை. மாம்பழத்தில் நல்லதெல்லாம் லாரி ஏறிப் போய்விடும், ஊருக்கு மிஞ்சுவது கழித்துப் போட்டது. கடைசியாக ஒன்று சொல்வாள்: "எங்க போர்ல இருபத்துநாலு மணி நேரமும் தண்ணிங்க." அது மட்டும் சத்தியமான உண்மை. வந்தவர்கள் பெட்டியை இறக்கி வைப்பதும் அதைக் கேட்ட பிறகுதான்.

ஊர் வளர்கிறது வளர்கிறது என்கிறார்கள். வளர்ந்ததில் தெருவுக்கொரு விடுதி வந்துவிட்டது. கிளினிக்கிலும் ஆபீசிலும் வேலை பார்க்கிற பெண்கள், ஒரு நாள் குழாயில் காற்று வந்தால் அடுத்த நாள் அடுத்த தெருவில் இருப்பார்கள். வெண்ணந்தூரில் அப்பாவின் தறிகளை விற்று வாங்கிய கட்டடம் இது. இது படுத்துவிட்டால் திரும்பிப் போக மைதிலிக்கு அங்கே ஒன்றுமில்லை. ஆகவே அந்தப் போர்வெல்தான் அவளுக்குச் சோறு.

அதற்குத்தான் உலை வைக்க வந்து சேர்ந்தார் ஜீவானந்தம். திருச்செங்கோட்டுக்காரர், சொந்தமாக ரிக் லாரி வைத்துப் போர் போடுகிறவர். நல்ல பள்ளிக்கூடம், நல்ல ஆஸ்பத்திரி, எல்லாம் கைக்கெட்டும் தூரம் என்று பக்கத்து மனையை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். வந்த முதல் நாளே ரிக் லாரியை மைதிலியின் கேட்டை மறித்து நிறுத்தினார். அன்று பற்றியது அணையவில்லை. மணல் கொட்டினால் சண்டை, சிமென்ட் பறந்தால் சண்டை.

ஆனி மாதக் கடைசியில் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார். அந்த மனிதர் மனை முழுக்க நடந்தார். மைதிலியின் மதிலை ஒட்டிப் போனபோது தேங்காய் விறைத்து எழுந்து நின்றது. மைதிலிக்கு ரத்தம் தலைக்கேறியது.

"ஏனுங்க, இத்தன பெரிய மனையில உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா? என்ற போர் மதிலுக்கு இந்தப் பக்கந்தான் இருக்குதுங்க."

"தேங்கா எங்க நிக்குதோ அங்கதானுங்க அம்மிணி போடோணும். எங்க தொழில்ல அதுக்கு மாத்தம் கெடையாதுங்க."

"அடுத்தவங்க தண்ணிய உறிஞ்சறதுதானுங்களா உங்க தொழிலு?"

"பூமிக்கடியில யாருக்குங்க பட்டா போட்டுக் குடுத்திருக்காங்க?"

ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டாலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாத ஊர் இது.

மறுநாள் ரிக் முழங்கியது. பாறையைத் துளைத்து இறங்க இறங்க, தெருவே புழுதியில் மூழ்கியது. மத்தியானம், மைதிலியின் போர்க் குழாய் உஸ்ஸென்று மூச்சுவிட்டது. ரிக் அடிக்கும் காற்று பாறை வெடிப்பில் புகுந்து இந்தப் பக்கம் கிளம்பிவிட்டது. அடுத்து சேறு பீறிட்டுக் கொடியில் காய்ந்த துணிகளின்மேல் அடித்தது. உள்ளே இருந்த மோட்டார் சேற்றில் சிக்கி நின்றுபோனது. மைதிலி 'ங்க'வைத் தூக்கிப் போட்டாள்.

"யோவ்! உன்ற காத்து என்ற குழியில வருது பாருய்யா! ரெண்டுக்கும் ஒரே ஊத்துய்யா! என்ற பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

அங்கே தண்ணீர் வானத்துக்குப் பாய்ந்து, வேலையாட்கள் விசிலடித்துக் கொண்டிருந்தார்கள். ஜீவானந்தம் திரும்பிப் பார்த்தார்.

"பக்கத்துல போட்டா அப்படித்தானுங்க வரும். மோட்டாரத் தூக்கிக் கழுவிப் போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. மோட்டாரைத் தூக்கிக் கழுவி மறுபடி இறக்குவதற்குள் மைதிலிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதற்குள் நான்கு பெண்கள் அடுத்த தெரு விடுதிக்குப் போய்விட்டார்கள். அவர்களின் காலிக் கட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

ஜீவானந்தம் மறுநாள் மோட்டார் இறக்கப் போகிறார், முதல் தண்ணீரில் சாமிக்குப் பொங்கல் வைக்கப் போகிறார் என்று வேலையாட்கள் பேசிக்கொண்டது மைதிலியின் காதில் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் போன நேரம் பார்த்து, விடுதியில் தரை கழுவ வைத்திருந்த பினாயில் கேன்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு அந்த மனைக்குள் நுழைந்தாள். போரின் மூடியைத் திறந்து இரண்டையும் கவிழ்த்தாள். சொந்தபந்தம் கூடி நிற்க, பொங்கல் பானையில் கக்கூஸ் வாசம் அடிக்கட்டும் என்று மனதாரச் சபித்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவியபோது மனம் குளிர்ந்திருந்தது.

மறுநாள் ஜீவானந்தத்தின் அம்மா வந்து இறங்கி, ஆடி பிறந்துவிட்டது, மோட்டாரை ஆவணியில் நல்ல நாள் பார்த்து இறக்கலாம் என்று சொல்லிவிட்டார். மோட்டார் பெட்டி திரும்பிப் போனது. மைதிலிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சரி, ஆவணியில் நாறட்டும் என்று தன் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினாள். காலையும் மாலையும் ஓட்டினாள்.

இரண்டாம் நாள் காலையில், கிளினிக்கில் வேலை பார்க்கும் நர்மதா குவளையோடு கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, கொழாயில மோராட்டம் வருதுங்க்கா. வாய் கொப்புளிச்சா ஆஸ்பத்திரி வராண்டா வாசம். கொமட்டுது."

பின்னாலேயே எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி, போர் தெரிந்த மனிதர் பக்கத்திலேயே இருக்கிறாரே என்று மதில்மேல் எட்டி ஜீவானந்தத்தைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் வந்தார். குவளையை வாங்கி முகர்ந்தார். தன் மனைக்குப் போய்ப் போர் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தார். திரும்பி வந்து மைதிலியின் முகத்தைப் பார்த்தார்.

"எங்க மோட்டாரு இன்னும் எறங்கலீங்க அம்மிணி. ஓடறது உங்களுது ஒண்ணுதான். எங்க குழியில ஊத்துனதப் பூரா உங்க மோட்டாருதான் இழுத்துட்டு வருது. ஒரே ஊத்துன்னு நீங்கதானுங்களே தெரு கேக்கக் கத்துனீங்க."

"நாங்க குடிக்கற தண்ணியிலயாக்கா?" என்றாள் நர்மதா.

"நான் அவுங்களுக்குத்தாண்டி ஊத்துனேன்!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று மைதிலிக்கு உறைத்தது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நர்மதா குவளையை வாசற்படியில் வைத்துவிட்டு மாடி ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். மேலே கட்டில்களுக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

ஜீவானந்தத்தின் முகத்தில் ஆத்திரம் இல்லை. மைதிலிக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

"போலீசுக்கெல்லாம் போக மாட்டனுங்க. தண்ணி தெளியற வரைக்கும் நிறுத்தாம ஓட்டுங்க. உங்களுக்கு வேற வழியில்லீங்க. நீங்க ஓட்ட ஓட்ட எங்க போரு தானா சுத்தமாயிரும்."

மைதிலி பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். வெள்ளைத் தண்ணீர் சாக்கடையை நிறைத்துக்கொண்டு ஓடியது. ஜீவானந்தம் மதிலில் கையூன்றி நின்று, தன் போர் கழுவப்படுவதை ஆற அமரப் பார்த்துக்கொண்டிருந்தார்.